விரால் தூண்டிலுக்கு விலை உயர்ந்த நரம்பு தேவையா?

“பண்ணைக்குட்டையில் விரால் வளர்க்கிறோம். வீட்டுக்கு வந்து கேட்பவர்களுக்கு, தூண்டில் போட்டு நாலைந்து மீன் உயிரோடு பிடித்துக் கொடுப்போம். அடிக்கடி நரம்பு அறுந்து, முள்ளோடு மீன் போய்விடுகிறது. இரண்டொரு நாளில் செத்து மிதக்கிறது. ‘ஃப்ளோரோகார்பன் நரம்பு போடுங்கள், மீன் கண்ணுக்கே தெரியாது’ என்று கடையில் சொல்கிறார்கள். விலை பல மடங்கு அதிகம். வாங்கலாமா?”

- வாசகர், பேரையூர்.

வாங்குவதற்கு முன், நரம்பு ஏன் அறுகிறது என்று பார்க்க வேண்டும். மீன் கண்ணுக்குத் தெரிந்தால் இரையைத் தொடாமல் போகும். நரம்பு அறுந்து போகாது. இங்கே மீன் இரையைக் கவ்விய பிறகுதான் அறுகிறது. ஆகவே இது பார்வைப் பிரச்னை இல்லை, பலம் சார்ந்த பிரச்னை.

ஃப்ளோரோகார்பன் நரம்பை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-ல் அறிமுகப்படுத்தியது. ஒளியை வளைக்கும் தன்மையில் தண்ணீரின் அளவு 1.33. இந்த நரம்புக்கு 1.42. சாதாரண நைலானுக்கு 1.5-க்கு மேல். அதனால், தெளிந்த நீரில் ஃப்ளோரோகார்பன் குறைவாகத் தெரியும். அமெரிக்கா, கனடாவின் தெளிந்த ஆறுகளில் சால்மன், ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் தூண்டிலின் முனையில் மட்டும் இதைக் கட்டுகிறார்கள். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரௌட். அந்த டிரௌட் இனத்துக்கு நீலகிரி அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சுப் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. அது மலையின் குளிர்ந்த, கண்ணாடி போன்ற தண்ணீர். கரிசல் மண் கலங்கிய பேரையூர்க் குட்டையில் எந்த நரம்பும் மீனுக்குச் சரியாகத் தெரியாது. அங்கே அந்தச் சிறப்புக்குக் காசு கொடுப்பது வீண்.

இன்னொரு விஷயம், ஃப்ளோரோகார்பன் நைலானைவிட கனமானது, வேகமாக மூழ்கும். நீர்மட்டத்தில் ரப்பர் தவளையை இழுத்து விரால் பிடிப்பவர்களுக்கு அது இடைஞ்சல்தான்.

அப்படியானால் நரம்பு அறுவது ஏன்? பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, விராலின் பல். கூரான பல்லும், கரையோரக் கல்லும் முள்ளும் உரசி நரம்பைத் தேய்க்கும். 0.40 முதல் 0.50 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்போ, பின்னல் நரம்போ போடலாம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முனையில் இரண்டு முழம் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால், அந்த அளவை வெட்டிவிட்டு மறுபடி முள்ளைக் கட்டுங்கள்.

இரண்டாவது, வெயில். மோட்டார் கொட்டகைக் கூரையில் மாட்டி வைத்த நைலான், வெயில் பட்டுப் பட்டு வலுவிழக்கும். நனைந்தாலும் ஓரளவு பலம் குறையும். நிழலில் வையுங்கள். கையில் சுற்றி வெடுக்கென்று இழுக்காமல், துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். லேசாக அறுந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, முடிச்சு. நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு, ஐந்து சுற்று சுற்றி, நுனியைத் திருப்பிச் செருகுங்கள். இறுக்கும் முன் தண்ணீரில் நனைத்து மெதுவாக இழுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உரசிச் சூடேறி, முடிச்சில் நரம்பு பலவீனப்படும்.

அறுந்தாலும் மீன் பிழைக்க ஒரு வழி உண்டு. தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் தட்டி நசுக்கிவிடுங்கள். முள் கழன்று விழ வாய்ப்பு அதிகம். விற்கப் பிடித்த மீனிலும் காயம் குறையும். விராலுக்கு உயிரோடு இருந்தால்தான் விலை. செத்து மிதக்கும் மீனை உடனே எடுத்துவிடுங்கள். அழுகினால் குட்டை நீர் கெடும்.

தெளிந்த கிணற்று நீரில் ஜிலேபிக் கெண்டை இரைக்குத் தயங்கினால், அங்கே ஒரு மீட்டர் ஃப்ளோரோகார்பன் முனை நரம்பு உதவலாம். முழுச் சுருள் தேவையில்லை. உறையில் ‘கோட்டட்’ என்று போட்டிருந்தால், அது மேல்பூச்சுள்ள நைலான்தான்.

வெட்டிய துண்டுகளை வரப்பில் போடாதீர்கள். ஆட்டுக்குட்டி, கோழி, மயில் கால்களில் சுற்றி அறுக்கும். குப்பையோடு எரிக்கவும் கூடாது. ஃப்ளோரோகார்பன் புகை நஞ்சு. பொடிப்பொடியாக வெட்டி, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள்.