முடக்குங்க, ஆனா காரணம் சொல்லுங்க!

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் பலருக்கும் திடீர்னு திறக்கவில்லை. பிரதமர் மோடி பற்றிய ஒரு கார்ட்டூன்தான் பிரச்சினை. அந்தப் பக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுப்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு இணையப் பக்கங்களை முடக்கலாம். கலவரத்தைத் தூண்டும் வதந்தி பரவும்போது அது தேவைதான். ஆனால், 2009 விதிகள் இந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன.

இன்டர்நெட்டையே துண்டிக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரு பக்கத்தை முடக்கவும் அதே விதி வேணும். என்ன காரணம்னே தெரியாவிட்டால், எதை வைத்து கோர்ட்டுக்குப் போவது?