கடல் கடந்து வரும் கைவினை

நண்பர் ஒருவர் தம் கையால் வரைந்த சித்திரத்தையோ பின்னிய பையையோ தாளிற் பொதிந்து, நூலாற் கட்டி, அஞ்சல் வழியே அனுப்புவாராயின், அதனைப் பெறுவோர்க்கு உண்டாகும் மகிழ்ச்சி கடைச்சரக்கினாற் கிடைப்பதன்று. மேலே நம் பெயர் அவர் கையெழுத்தில் இருக்கும். நம்மை நினைந்து அவர் இத்தனை நாழிகை அமர்ந்திருந்தார் என்பதே அப்பொருளின் பெருமை. கோடு சற்றுக் கோணியிருப்பினும் அதுவும் நமக்கு உவப்பே. சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸ் தம் மாணவர்க்கும் நண்பர்க்கும் சிறு அஞ்சலட்டைகளிற் சித்திரம் தீட்டி அனுப்பி வந்தார். பெரிய சுவரோவியங்களை வரைந்த அக்கை இதனை இழிவென எண்ணியதில்லை.

சாக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் கொட்டானை அறிவர். பனையின் குருத்தோலையை உலர்த்தி, சன்னமாகக் கிழித்து, சாயமேற்றி, அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமையுமாறு ஆச்சிமார் பின்னுவர். மணியும் குரோஷாப் பின்னலும் சேர்த்து அழகு செய்வதும் உண்டு. கலியாணத்திற் பழமும் பலகாரமும் இட்டு வழங்குதற்கு அதுவே கலம். உள்ளிருந்த பண்டம் ஓரிரு நாளில் தீரும். கொட்டானோ பல்லாண்டு வீட்டில் இருக்கும். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்தபின் இவ்வேலை நலிந்தது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளையினர் இதனைக் கிராமப் பெண்களுக்குப் பயிற்றி மீட்டனர்; 2013ஆம் ஆண்டிற் செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றது. அதனாற் பல பெண்கள் கூலி பெறுவது நன்றே. ஆயினும், விலைக்கு வாங்கிய கொட்டானும் தோழி பின்னித் தந்த கொட்டானும் ஒன்றாகா. ஓலையும் பின்னலும் ஒன்றாயினும், முன்னது யாருக்கென்று அறியாமற் பின்னியது.

நிற்க. இவ்வேறுபாட்டை அறியாத இடம் ஒன்று உண்டு. அது சுங்க அலுவலகம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் முன்னோர் வாணிகம் செய்யச் சென்ற இந்நாட்டில், கடல் கடந்த சுற்றமும் நட்பும் இல்லாத வீடு அரிது. வெளிநாட்டினின்று அஞ்சலில் வரும் ரூ. 5,000 வரை மதிப்புள்ள பரிசுகளுக்கு முன்னர் நம் நாட்டிற் சுங்கவரி இல்லை. அயல்நாட்டு இணைய வணிகர் சிலர் தம் விற்பனைச் சரக்கையே பரிசென்று பெயரிட்டு அனுப்புகின்றனர் என்ற முறையீடு எழவே, அரசாங்கத்தார் 2019 டிசம்பர் 12ஆம் நாள் ஓர் அறிவிக்கை வெளியிட்டனர். உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர வேறெதனையும் பரிசு என்று சொல்லி இறக்குதல் கூடாது. முழு வரி செலுத்தினால் வரலாம் என்பது அதன் சாரம்.

வணிகர் செய்த சூதினைத் தடுத்தது முறையே. ஆனால் ராக்கிக் கயிற்றை விலக்கியவர்கள், உடன்பிறந்தாள் அனுப்பும் நூல் சரக்கன்று என்பதை ஒப்புக்கொண்டனர் அல்லரோ? அங்ஙனமாயின் பினாங்கிலுள்ள தோழி பின்னிய துணி மாத்திரம் எவ்வாறு சரக்காயிற்று? அவள் சுங்கப் படிவத்தில் மதிப்பு என்ன என்று எழுதுவாள்? சுழி இட்டால் நம்பமாட்டார். தொகை இட்டால் அது நண்பருக்கு விலை கூறுவதாகும். அமெரிக்க அரசாங்கம் 800 டாலர் வரையுள்ள பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் நீக்கியபோதுங்கூட, 100 டாலர் வரையிலான மெய்யான பரிசுகளை விட்டுவைத்தது. (அக்குழப்பத்தில் நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்குப் பொதி ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் 15ஆம் நாளே மீளத் தொடங்கியது என்பது வேறு.)

கையாற் செய்ததா, பொறியாற் செய்ததா என்று அதிகாரி எங்ஙனம் அறிவார் எனக் கேட்பர். அறிய வேண்டுவதில்லை. தனியொருவர் தனியொருவர்க்கு ஆண்டில் இரண்டு பொதி, சிறிய மதிப்பளவில், வரியின்றி அனுப்பலாம் என்று வரையறுத்தாற் போதும்; ஆயிரக்கணக்கில் விற்போர்க்கு அவ்வாயிலால் பயனில்லை.

உள்நாட்டில் இத்தடை யாதும் இல்லை. நம் சோம்பலே தடை. கொட்டான் எடையிற் குறைந்தது. ஆனால் எளிதில் நசுங்குமாதலால், உள்ளே பழந்துணியைத் திணித்து, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவது நலம்.