முதல் தேவை ஆசிரியர்

சிறுவர்களுக்கு நிரலாக்கம் தேவையா என்ற கேள்வி புதிதல்ல. கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட் குழுவினர் 1967-இலேயே அமெரிக்காவில் குழந்தைகளுக்கென ‘லோகோ’ கணினி மொழியை உருவாக்கினர். கணினி குழந்தையை இயக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை இயக்க வேண்டும் என்பதே பேப்பர்ட்டின் நிலைப்பாடு. இங்கிலாந்து 2014-இல் ஐந்து வயது முதலே கணினியியலைப் பாடமாக்கியது. நமது தேசியக் கல்விக் கொள்கையும் 2020-இல் நடுநிலை வகுப்புகளுக்கு நிரலாக்கத்தைப் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கருவி தருவது நல்ல தொடக்கம்; கற்பித்தலுக்கு அது ஈடாகாது. ஒரு சிக்கலைப் படிகளாகப் பிரிக்கவும், பிழையைத் தேடித் திருத்தவும் பழகுவதே நிரலாக்கத்தின் பயன். தொடக்க வகுப்புகளில் இதைத் தாளும் பென்சிலும் கொண்டே பழக்கலாம். ஆறாம் வகுப்பு முதல் முறையான பாடவேளையும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், தமிழில் பாடநூலும் வேண்டும். கட்டணம் கட்டுவோருக்கு மட்டுமே இக்கல்வி கிட்டுவது அநீதி. அரசுப் பள்ளிகளில் கணினி ஆசிரியர் நியமனத்துக்கு அரசு முன்னுரிமை தர வேண்டும்.