வாளேந்தாக் குருடன் எங்கே?

சாமுராய்ப் படங்கள் எனப் பொதுவாக வழங்கும் யப்பானிய வாட்போர்த் திரைப்படங்கள் அங்கவீனரைக் கௌரவித்தன என்பது விமர்சகர் பலரிடையே ஊன்றிப்போன கருத்தாகும். மிசுமி கென்ஜியின் நெறியாள்கையில் 1962ஆம் ஆண்டு டாயெய் நிறுவனம் வெளியிட்ட ‘ஸாடோயிச்சியின் கதை’ இதற்குத் தலையாய சான்றாகக் காட்டப்பெறும். உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கும் விழிப்புலனற்ற ஒருவன் கதாநாயகனாக உயர்த்தப்பட்டான். ஆகவே அது முற்போக்கானது என்பர். உயர்த்தப்பட்டது அம்மனிதனா, அவனது கைத்தடியுள் மறைந்திருந்த வாளா என்ற வினாவை இவ்வாதம் எழுப்புவதேயில்லை.

அவ்வினாவுக்கு அப்படமே விடை கூறுகின்றது. சண்டியர் தலைவனான சுகேகோரோ, இச்சிக்கு உண்டியும் உறையுளும் அளிப்பது அன்பினாலன்று; எதிரிக் கும்பலுடன் நேரவிருக்கும் மோதலில் அவனது வாள் பயன்படும் என்பதனாலேயே. இச்சியை மனிதனாக மதிப்பவன், எதிரணியின் கூலி வீரனும் காசநோயாளியுமான ஹிராதே மிகி ஒருவனே. நோயுற்றவனும் விழியற்றவனுமான இவ்விருவரின் நட்பு, தலைவர்களின் போட்டிக்குப் பலியாகின்றது. நண்பனைத் தன் கையாலேயே கொல்ல நேர்ந்த இச்சி, சுகேகோரோவைக் கடிந்துரைத்து, தன் வாளையும் நண்பனோடு புதைக்கச் செய்கின்றான். மனிதனை அவனது வாளால் மட்டும் மதிப்பிடுவோருக்கு எதிரான கண்டனமே இம்முடிவாகும்.

ஆயின் கலையகமோ சுகேகோரோவின் பக்கத்தையே சார்ந்தது. புதைக்கப்பட்ட வாள் மீண்டும் வெளிவந்தது. கட்சு ஷிந்தாரோ நடிக்க, 1973ஆம் ஆண்டுக்குள் இருபத்தைந்து படங்கள் வெளியாகின. 1974 முதல் 1979 வரை தொலைக்காட்சித் தொடராக நூறு பகுதிகள் ஒளிபரப்பாகின. இருபத்தாறாவது படம் 1989இல் வந்தது. இச்சி ஏளனத்துக்கு ஆளாவதையும் ஏழைகளின் பக்கம் நிற்பதையும் இப்படங்கள் காட்டுகின்றனவே எனச் சிலர் வாதிக்கலாம். அது உண்மையே. எனினும் அவ்வேளனம் பெரும்பாலும் வாள்வீச்சுக்கான முன்னுரையாகவே அமைகின்றது. ஏளனஞ் செய்தோர் இழைத்த தவறு ஒரு மனிதனை இழிவுபடுத்தியமையா, கொல்ல வல்லவனை இனங்காணத் தவறியமையா? வாள் வீசத் தெரியாதவனாயின் அவ்விழிவு அவனுக்குத் தகுமா?

இதனினும் பாரதூரமானது வரலாற்றின் மறைப்பாகும். தொக்குகாவா ஆட்சிக்கால யப்பானில் விழிப்புலனற்ற ஆடவர் ‘தோதோஸா’ என்ற அமைப்பில் ஒன்றுபட்டிருந்தனர். ‘ஸாடோ’ என்பதே அவ்வமைப்பின் கீழ்ப்படிநிலை ஒன்றின் பெயர். இசை, குத்தூசி மருத்துவம், உடம்பு பிடித்தல், வட்டிக்குக் கடன் கொடுத்தல் ஆகியன அவர்தம் தொழில்கள். பண்டைய நூல்களைத் திரட்டிப் பெருந்தொகுதியாக்கிய ஹனாவா ஹொக்கிஇச்சி (1746-1821) அவ்வமைப்பில் உயர்நிலை எய்தியவர். விழிப்புலனற்ற பெண்களோ ‘கோஸெ’ எனும் பாடகியராய் ஊர் ஊராகச் சென்று பிழைத்தனர். மெய்ஜி அரசு 1871இல் தோதோஸாவைக் கலைத்தது. உழைத்தும் கற்றும் அமைப்பாகத் திரண்டும் வாழ்ந்த இம்மக்கள் வாட்போர்ப் படங்களில் பெரும்பாலும் பின்னணி நிழல்களே. இச்சியாக நடித்த அதே கட்சு, 1960இல் மோரி கசுவோவின் ‘ஷிரானுய் கெங்யோ’வில் கொலையாலும் வஞ்சகத்தாலும் உயர்நிலை எய்தும் விழிப்புலனற்றவனாகத் தோன்றினார். அரக்கன் அல்லது அதிசயப் பிறவி. இரண்டுக்கும் இடையே சாதாரண மனிதனுக்கு இடமில்லை.

வெகுசனக் கலையில் வேறு வழியில்லை என்பதும் பொருந்தாது. ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையுமுடைய தாங்கெ ஸாஸென் ஏலவே புகழ்பெற்ற வாள்வீரன். யமானகா ஸதாவோ 1935இல் அவனை, அம்பெய்யும் விளையாட்டுக் கூடமொன்றில் காவலிருந்து, அதன் உரிமையாளப் பெண்ணுடன் ஓயாது பிணங்கி, அநாதைச் சிறுவனொருவனைப் பேணும் சோம்பேறியாகப் படைத்தார். அங்கே அங்கவீனம் அதிசயமுமன்று, அவலமுமன்று. வாழ்வின் ஒரு கூறு மட்டுமே.

இவ்வழி திறந்திருந்தும் பின்வந்தோர் அதனைத் தேர்ந்திலர். 2003இல் கிட்டானோ தகேஷி உருவாக்கிய ஸாடோயிச்சி இறுதியில் தன் கண்களைத் திறந்தே காட்டுகின்றான். வாளைக் காப்பாற்றிய மரபு, ஈற்றில் குருட்டையும் வேடமாக்கிவிட்டது. இதனைக் கௌரவம் என்போர், வாளின்றி வாசலில் வந்து நிற்கும் இச்சியைச் சுகேகோரோ உள்ளே அழைத்திருப்பானா என்பதற்கு முதலில் விடை கூறுவாராக.