குளிர் மாதப் பாடங்கள்

தில்லியில் ஜனவரி மாதம் நர்சரி ஆசிரியைக்கு முதல் அரை மணி நேரம் பாடம் நடத்த வழியில்லை. குல்லா, கையுறை, மப்ளர், இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் குழந்தைகளைப் பிரித்தெடுப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். ஒரு கையுறை எப்போதும் காணாமல் போயிருக்கும். கழற்றுவது ஒரு பாடு, மறுபடி மாட்டி வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு பாடு. பெற்றோர் பார்வையில் இது வீணாகும் நேரம்.

அனுபவமுள்ள ஆசிரியைகள் அப்படி நினைப்பதில்லை. பொத்தான், கொக்கி, நாடா இவற்றையெல்லாம் மரச் சட்டங்களில் துணியோடு பொருத்தி, குழந்தையின் விரல்களுக்குப் பயிற்சிக் கருவியாகக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. தில்லிக் குழந்தை அந்தக் கருவியை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு வருகிறது. பொத்தானைத் துளையில் நுழைத்து இழுக்கப் பழகிய விரல்களுக்குப் பிறகு பென்சில் பிடிப்பதும் எளிது. பஸ் வந்துவிட்டது என்று அம்மா அவசரமாகப் போட்டுவிட்டால் அன்றைக்கு அந்தப் பாடம் இல்லை.

மற்ற பாடங்களுக்கும் இந்த மாதத்தில் பொருள் தேடி அலைய வேண்டாம். பச்சைப் பட்டாணி மலிந்து கிடக்கும் காலம். ஒரு காயை உரித்தால் ஐந்து மணி, அடுத்ததில் எட்டு. வேர்க்கடலையைக் காதருகே குலுக்கி, உள்ளே இரண்டா மூன்றா என்று ஊகித்துவிட்டு உடைத்துப் பார்க்கலாம். ஆரஞ்சுச் சுளைகளை நான்கு பேர் பங்கிட்டபின் ஒன்று மிஞ்சினால், அது யாருக்கு என்ற சண்டையில் வகுத்தல் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஊதினால் பலகை தயார். விரலால் எழுதலாம், அழிந்து போகும்வரை படிக்கலாம். காலையில் மூடுபனி விழுங்கிய வேப்ப மரம் 11 மணிக்குத் திரும்பி வருகிறது. மரம் எங்கே போயிருந்தது என்ற கேள்விக்கு நான்கு வயதுக்காரர்கள் சொல்லும் பதில்களை எந்தப் பாடநூலிலும் பார்க்க முடியாது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பத்துக் குழந்தைக்குத் தன் வாயிலிருந்தே புகை வருவது முதல் விஞ்ஞான அதிசயம்.

பண்டிகைகளும் வரிசை கட்டி வருகின்றன. 13ஆம் தேதி லோஹ்ரி, அதையடுத்து சங்கராந்தியும் பொங்கலும், 26ஆம் தேதி குடியரசு தினம். பிறகு வசந்த பஞ்சமி. அது சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே வரும், சில ஆண்டுகளில் பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும். அன்று வடக்கே வகுப்பறை முழுக்க மஞ்சள். வங்காளிக் குடும்பங்களில் குழந்தையின் கைபிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பது அந்த நாளில்தான். விஜயதசமியன்று அரிசியில் எழுதி முடித்துவிட்ட தமிழ்க் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கு இரண்டு பிறந்தநாள் இருப்பதைத் தெரிந்துகொள்கிறது.

இவ்வளவு இருந்தும் பல பள்ளிகளின் சுவரில் குளிர்காலம் என்று ஒட்டியிருக்கும் படத்தில் நிற்பது கேரட் மூக்கு வைத்த பனிமனிதன். தில்லியில் பனி பெய்வதில்லை. ரஜாய்க்குப் பஞ்சடிப்பவரும் தெருமுனையில் மூட்டும் தீயும் அந்தப் படத்தில் இல்லை.

இன்னொரு சங்கடம் நாட்காட்டி. தில்லி அரசுப் பள்ளிகளில் குளிர்கால விடுமுறை வழக்கமாக ஜனவரி முதல் பாதியில் வரும். குளிர் கூடினால் விடுமுறையும் நீளும். 2024இல் நர்சரி முதல் ஐந்தாம் வகுப்புவரை ஜனவரி 12 வரை நீட்டிக்கப்பட்டது. இப்போது காற்று மாசும் சேர்ந்துகொண்டது. 2023இல் புகைமூட்டம் தாங்காமல் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியை நவம்பர் 9இலேயே தொடங்கினார்கள். நான்கு வயது நுரையீரலை நினைத்தால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்போது கதவை மூடினாலும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் மழலைகள்தான். பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகள் முடிந்தவரை நடக்கின்றன. மழலை வகுப்பில் நடப்பதும் படிப்புதான் என்பதை உத்தரவு போடுகிறவர்கள் ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, விடுமுறைக்கு வீட்டுப்பாடம் வேறு. தெர்மோகோலில் இக்லூ செய்து வரச் சொன்னால், இரவு 11 மணிக்கு அதைச் செய்வது அப்பா.

தலைநகரில் அடுத்த ஆண்டு நர்சரிச் சேர்க்கைக்கான அலைச்சலும் இதே பருவத்தில்தான். ஆண்டுக் கடைசியில் விண்ணப்பம், வழக்கமாக ஜனவரியில் முதல் பட்டியல். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா என்று புள்ளிகள் கூட்டப்படுகின்றன. ஒரு காலத்தில் மூன்று வயதுக் குழந்தையையும் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேட்டி கண்டார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்ப்பதைத் தடை செய்தது. புள்ளிக் கணக்குக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்பது ஒருவகையில் நிம்மதி.

சேர்ந்தபின் நடப்பதற்குத்தான் அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. விஞ்ஞானி யஷ்பால் தலைமையிலான குழு, சுமையில்லாக் கல்வி பற்றி 1993இல் மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், மழலைப் பள்ளிகளில் எழுத்தையும் வாசிப்பையும் கணக்கையும் முறையான பாடமாகத் திணிப்பதை வன்முறை என்ற சொல்லாலேயே குறித்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டு வழிக் கல்விதான் என்கிறது. காகிதத்தில் எல்லோரும் ஒரே கட்சி. ஆனால் லோஹ்ரி முடிந்து பள்ளி திறந்ததும் பல தனியார் பள்ளிகளில் மிச்ச நாட்களைத் தின்பவை பயிற்சித்தாள்களும் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகையும்தான். பட்டாணிக்கு நேரமில்லை.

விடுமுறையின் உண்மையான விலை தெரிய வேண்டுமானால் அங்கன்வாடிக்குப் போக வேண்டும். அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் ஆதிவாசிக் குழந்தைகளின் வாசலுக்கே போய்ப் பாடம் நடத்திய முறைக்கு இந்த முற்றம்தான் பெயர் கொடுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. வட இந்தியக் குளிரில் பெயருக்கு ஏற்ப முற்றம்தான் வகுப்பறை. இருட்டான ஒற்றை அறைக்குள் யாரும் உட்காருவதில்லை. பாயைச் சுருட்டி வெயில் விழும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். நிழல் எந்தப் பக்கம் வரும் என்பது அந்தக் குழந்தைகளுக்கு அத்துப்படி.

குளிர் அலை வந்தால் வட மாநிலங்களில் இந்த மையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வருவதுண்டு. ஹீட்டரும் கதைப் புத்தகமும் உள்ள வீட்டுக் குழந்தைக்கு அது விடுமுறை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாயின் குழந்தைக்கு, அக்காவின் இடுப்பில் ஒரு நாள். சமைத்த சூடான சாப்பாடும் அன்றைக்கு இல்லை. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தச் சாப்பாடு அந்தக் குழந்தையின் உரிமை. ஈடாக வீட்டுக்குத் தானியம் கொடுத்தாலும் அது குழந்தையின் தட்டுக்கு மட்டும் போகும் என்று சொல்ல முடியாது.

2024 ஜனவரி 15 அன்று தில்லிப் பள்ளிகள் திறந்தபோது, காலை 9 மணிக்கு முன் எந்தப் பள்ளியும் தொடங்கக் கூடாது என்று அரசு சொன்னது. எளிய ஏற்பாடு, செலவும் இல்லை. காற்று சுத்தமாக இருந்து குளிர் மட்டுமே பிரச்சினையாக உள்ள நாட்களில் அங்கன்வாடிக்கும் இதையே செய்யலாம். வெயில் ஏறும் 10 மணிக்குத் தொடங்கினால் போதும். காற்றைத் தடுக்க ஒரு தார்ப்பாயும், அடுப்பில் கொதிக்கும் கிச்சடியும், உரிப்பதற்கு ஒரு கூடைப் பட்டாணியும் இருந்தால் மதியம்வரை வேலை இருக்கிறது.