விலங்குக்குக் கணக்கு, விவசாயிக்கு விலங்கு

வண்ணாத்திவில்லுப் பகுதியைச் சேர்ந்த தென்னைச் செய்கையாளர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு காற்றுக் கைத்துப்பாக்கி. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கென்று உறவினர் ஒருவர் கொடுத்ததாம். "ஐயா, இதன் சுருள்வில்லைக் கழற்றிவிட்டுப் பலமானதொன்றைப் போட்டால் குரங்கு தோட்டத்துப் பக்கமே தலைகாட்டாது என்று மகன் சொல்கிறான். போடலாமா? சட்டத்தில் பிழை உண்டா?" என்று கேட்டார். போடுவதற்கு முன்னரே கேட்டாரே, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். போட்டுவிட்டுக் கேட்பவர்களையே நாம் பெரும்பாலும் காண்கிறோம். அதுவும் நீதிமன்றக் கூண்டுக்கு அருகில்.

அவர் ஏன் கேட்டார் என்பதை அவ்வூரை அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வடக்கே கலா ஓயாவும் வில்பத்துக் காடும், மேற்கே புத்தளக் களப்பும் எல்லையாக அமைந்த பூமி அது. தென்னையும் மரமுந்திரிகையும் சேனைப் பயிருமே அம்மக்களின் வாழ்வு. குரும்பை முற்றுமுன் குரங்கு பறித்தெறிகிறது. விதைத்த கச்சானை மயில் கிளறுகிறது. முளைத்ததைப் பன்றி உழுகிறது. இவை அனைத்தும் தப்பிய இரவில் யானை வருகிறது. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் பறிகொடுத்தவன் கைக்கெட்டியதை எடுத்து ஆயுதமாக்க நினைப்பது வியப்பன்று. ஆயினும், அவன் கைக்கு எட்டும் இந்தப் பொருள் அவனையே சிறைக்கு இட்டுச் செல்லக்கூடியது என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

இந்நாட்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டுக்குரியது. துவக்கு என்றால் என்ன என்பதற்கு அச்சட்டம் கூறும் விளக்கம் விசித்திரமானது. மருந்து வைத்துச் சுடுவதா, காற்றால் சுடுவதா என்று அது கேட்கவில்லை. ஓர் அங்குலத்தின் அறுபத்து நான்கில் மூன்று பங்கு கனமுள்ள வைக்கோல் அட்டைகளை அரை அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, குறித்த தூரத்திலிருந்து சுடவேண்டும். பதினொரு அட்டைகளுக்குக் குறையாமல் துளைக்கும் வலுவுடன் ரவையைச் செலுத்தவல்ல குழலுள்ள எந்தக் கருவியும் துவக்கு! பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அரை அங்குலத்துக்குச் சற்றே அதிகம் வரும். அந்த அரை அங்குலத்துக்கு இப்பால் நிற்பவன் விளையாட்டுக்காரன். அப்பால் போனவன் அனுமதியின்றித் துவக்கு வைத்திருந்த குற்றவாளி. (சட்டம் படித்த காலத்தில் இந்த அட்டைகளைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு. கட்சிக்காரரை அருகில் வைத்துக்கொண்டு வாசிக்கும்போது சிரிப்பு வருவதில்லை.)

இங்கேதான் சுருள்வில்லின் சங்கதி வருகிறது. கருவி எந்த வகையைச் சேர்ந்தது என்று பாராமல், அதன் வலுவைக் கொண்டே சட்டம் அதை அளக்கிறது. ஆகவே வலுவைக் கூட்டுகின்ற கை, தான் அறியாமலே ஒரு பொருளைச் சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. கடையில் வாங்கியபோது எட்டு அட்டை துளைத்தது, பட்டறையிலிருந்து திரும்பியபோது பன்னிரண்டு துளைக்கிறதா என்று தோட்டத்தில் நின்று எவன் எண்ணிப் பார்க்கப்போகிறான்? எண்ணுகின்ற நாள் வழக்கு நடக்கும் நாளாகவே இருக்கும்.

வேகத்துக்கும் வலுவுக்கும் உள்ள கணக்கையும் மகன்மார் சரியாக அறிவதில்லை. அரைக் கிராம் எடையுள்ள ஈயரவை விநாடிக்கு 120 மீற்றர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3.6 யூல். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 14.4 யூலைத் தொடுகிறது. விநாடிக்கு நூறு மீற்றர் அளவிலேயே இந்த ரவை மனிதத் தோலைத் துளைக்கவல்லது. கண்ணுக்கு அதனினும் குறைந்த வேகம் போதும். இதனாலேதான் பிற நாடுகள் அளவை வெளிப்படையாக வைத்தன. பிரித்தானியாவில் 1969ஆம் ஆண்டின் விதிகள் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு ஆறு அடி-இறாத்தல், ஏனைய காற்றுத் துப்பாக்கிகளுக்குப் பன்னிரண்டு என்று வரையறுத்தன. இந்தியா 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 20 யூல் என்று எல்லை கீறியது. நம் நாட்டில் வைக்கோல் அட்டை!

பலமான வில்லைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத கருவியில் அதைப் பொருத்தினால் விசைப்பூட்டு தேய்ந்து, இழுக்குமுன்னே வெடித்துவிடும் அபாயமும் உண்டு. ரவை பட்ட குரங்கு போய்விடலாம். கூட்டம் மறுநாள் வரும். யானைக்கோ அது கொசுக்கடி. ஆனால் காயம்பட்ட யானையின் சினத்துக்கு அடுத்த வீட்டுக்காரனும் இரையாவான். சட்டம் ஒருபுறமிருக்க, பயன் என்ற ஒன்றும் இதில் இல்லை.

வண்ணாத்திவில்லுவுக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. 2019 ஜனவரியில் அங்குள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் பெருந்தொகை வெடிபொருளைப் பொலிஸார் கைப்பற்றினர். அவ்வாண்டு ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு அன்று நாடு குருதியில் நனைந்தது. அதற்குப் பின்னர் அவ்வூரின் பெயரைச் சாதாரணமாக உச்சரிக்கும் அதிகாரி அரிது. வேறோர் ஊரில் விளையாட்டாகக் கருதப்படும் பட்டறை வேலை அவ்வூரில் எந்தக் கோப்பில் எழுதப்படும், எந்தச் சட்டத்தின் பெயரால் அந்த இளைஞன் விசாரிக்கப்படுவான் என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். 1979ஆம் ஆண்டில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அற்பச் சந்தேகத்துக்காக ஆண்டுக்கணக்கில் அடைபட்டவர்களை இந்நாடு நன்கறியும்.

இவ்வளவும் குடியானவனுக்குச் சொன்னோம். அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டியது இதனினும் கடுமையானது.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடெங்கும் மக்களை அவரவர் காணியில் நிறுத்தி, ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொன்னார்கள். விவசாயி எண்ணினான், தாளில் எழுதியும் கொடுத்தான். எண்ணியதில் தவறில்லை. எண்ணி முடித்தபின் அவன் தோட்டத்துக்கு வந்தது என்ன என்பதே நமது கேள்வி. அரசாங்கம் முன்னர் வகுத்த இலவசப் பயிர்க் காப்புறுதி, வெள்ளம், வறட்சி, காட்டு யானை ஆகியவற்றின் அழிவுக்கு, நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்னும் ஆறு பயிர்களையே கணக்கில் எடுத்தது. தென்னையும் மரமுந்திரிகையும் அந்த ஆறில் இல்லை. குரங்கும் மயிலும் அந்த மூன்றில் இல்லை! வண்ணாத்திவில்லுக்காரன் இருமுறை விடுபட்டுப்போனான்.

பயிர்க் காவலுக்கு முறைப்படி துவக்கு பெறும் வழி சட்டத்தில் இல்லாமலில்லை. அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். டிசம்பர் 31ஆம் திகதி அது முடிந்துவிடும். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்குக் கிராம சேவகர், பொலிஸ், செயலகம் என்று எத்தனை நாட்கூலியை ஒருவன் இழப்பது? நேர்வழி நீண்டுகொண்டே போனால் குறுக்குவழியில் புல் முளைக்காது. விண்ணப்பங்களுக்கு நாட்கெடு வைத்துப் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதித் தரவேண்டும். காப்புறுதியில் தென்னையையும் மரமுந்திரிகையையும், குரங்கு, மயில், பன்றி ஆகியவற்றின் அழிவையும் சேர்க்கவேண்டும். வைக்கோல் அட்டைக்குப் பதிலாக, வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் விளங்கும் ஆற்றல் அளவைச் சட்டத்தில் எழுதி, அதைக் கருவியின் மேலேயே பொறிக்கச் செய்யவேண்டும். இவற்றுள் எதற்கும் கோடி ரூபா தேவைப்படாது.

ஏற்கெனவே வில்லை மாற்றியவர்கள் அக்கருவியை எடுத்துக்கொண்டு திரியாமலும், எவருக்கும் விற்காமலும், முதலில் ஒரு சட்டத்தரணியைக் காண்பது நன்று. நம்மிடம் வந்தவர் பழைய வில்லுடனேயே திரும்பிச் சென்றார். அவருக்காக ஒரு துவக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பதில் வந்த நாளையும், வந்த பதிலையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.