வீதியை விற்ற நகரம்

சென்ற வாரம் உயர்தர வகுப்பிலே அரசாங்கச் செலவினம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மாரி மழையினால் நமது கல்லூரிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கை குண்டும் குழியுமாய்க் கிடக்கின்றது. அன்று காலை வந்த மாணவர் பலரின் வெள்ளைக் காற்சட்டையிலே சேறு தெறித்திருந்தது. அவர்களுள் ஒருவன் எழுந்து, "சேர், அரசாங்கத்தால் இயலாதென்றால் இந்த றோட்டுகளை ஒரு கம்பனியிடம் கொடுத்துவிட்டால் என்ன? அவர்கள் நன்றாகப் போட்டுக் காசு வாங்கட்டுமே" என்றான். வகுப்பிற் பாதிப்பேர் அவனை ஆமோதித்தனர். மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகின்றோம்.

வீதிக்குக் காசு கொடுப்பதிலே நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதியிலே செல்வோர் கட்டணம் செலுத்தியே செல்கின்றனர். விரைந்து போக விரும்புவோன் கொடுக்கின்றான். மற்றவன் பழைய காலி வீதியாற் போகின்றான். அந்த வீதி பொதுவுடைமையாகவே இருக்கின்றது. மாணவன் கேட்டதோ வேறொன்று. வீதியையே பிறர் கையிற் கொடுத்துவிடுதல் பற்றியது அது. அவ்வாறு கொடுத்துப் பார்த்த ஒரு பெருநகரின் கதையை நாம் அறிவோம்.

1893-ஆம் ஆண்டுச் சருவசமய மகாநாட்டினால் நம்மவர் காதுக்குப் பழக்கமான சிக்காகோ நகரமே அது. அந்நகர வீதிகளின் ஓரங்களிலே மோட்டார் வண்டிகளை நிறுத்துவோர் காசு போடுதற்கென ஏறத்தாழ 36,000 மீற்றர்கள் இருந்தன. 2008-ஆம் ஆண்டு உலகமெங்கும் பணமுடை வந்தபோது நகரின் வரவுசெலவுத் திட்டத்திலே பெரிய துண்டு விழுந்தது. நகர முதல்வராயிருந்த றிச்சாட் டேலி, அந்த மீற்றர்கள் யாவற்றையும் 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுத்து, 115 கோடி டொலரை ஒரே தடவையில் வாங்க ஏற்பாடு செய்தார். அக்கம்பனியின் பின்னே மோர்கன் ஸ்ரான்லி என்னும் வங்கியும் பிற முதலீட்டாளரும் நின்றனர். டிசம்பர் 2-ஆந் திகதி இச்செய்தி வெளிவந்தது. 4-ஆந் திகதி நகரசபை வாக்கெடுத்தது. ஆதரவு 40, எதிர்ப்பு 5. எழுபத்தைந்து ஆண்டுகளைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்கு இரண்டு நாள்! நம்மூரிலே ஒரு பரப்புக் காணிக்கு உறுதி முடிப்பவன்கூட நொத்தாரிசிடம் அதனிலும் அதிகநாள் நடப்பான்.

அடுத்த ஆண்டிலேயே கட்டணம் ஏறிற்று. மணிக்கு 25 சதமாயிருந்த இடங்களில் அது ஒரு டொலராயிற்று. 2013-ஆம் ஆண்டில் இரண்டு டொலர். நகரின் மையப்பகுதியில் மூன்று டொலராயிருந்தது ஆறரை டொலர் வரை போயிற்று. 2009 யூன் மாதத்திலே நகரின் கண்காணிப்பு அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். மீற்றர்களை நகரமே வைத்திருந்தால் அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 213 கோடி டொலர் என்றும், 97 கோடிக்கு மேல் நட்டப்பட்டே கொடுக்கப்பட்டுள்ளது என்றும் அவர் கணக்கிட்டிருந்தார். வாங்கிய பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள்ளேயே துண்டு விழுந்த இடங்களை நிரப்பக் கரைந்துவிட்டது. கம்பனியோ தான் இட்ட முதலை இன்று முழுதாக மீட்டுவிட்டது. குத்தகையில் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் எஞ்சியிருக்கின்றது.

காசுக் கணக்கு இவ்வளவே. வீட்டுப் பொருளை மலிவாக விற்றவன் கதை உலகிற் புதிதன்று. நம்மைத் திடுக்கிடச் செய்தது அவ்வொப்பந்தத்தின் வேறொரு பகுதி. நகரசபை ஒரு வீதியைத் திருத்துவதற்காகவோ, விழாவுக்காகவோ, சைக்கிள் ஓடுவோருக்குப் பாதை ஒதுக்குவதற்காகவோ மீற்றர்களை அகற்றினாலும், குறித்த அளவுக்கு மேல் மூடிவைத்தாலும், கம்பனிக்கு வரவேண்டிய வருமானத்தை நகரம் ஈடுசெய்ய வேண்டும். 2013-ஆம் ஆண்டு, மையப்பகுதிக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளிற் கட்டணம் வேண்டாமென்று ஒரு மாற்றம் செய்ய விரும்பிய புதிய நகர முதல்வர், அதற்குப் பதிலாக இரவிலே கட்டணம் அறவிடும் நேரத்தை நீட்டிக்கொடுக்க நேர்ந்தது. தன் வீதியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமையை மக்களுக்குக் கொடுப்பதற்கும் ஒரு நகரம் பேரம் பேசவேண்டியதாயிற்று.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதை நாமெல்லோரும் பார்க்கின்றோம். மணல் பரப்பித் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள். அதற்காக மாநகரசபை எவருக்கும் நட்டஈடு எண்ணிக் கொடுப்பதில்லை. கொடுக்கவேண்டியிருந்தால் எத்தனை நாளைக்கு மூடுவார்களென்று மாணவரே யோசித்துக்கொள்ளட்டும்.

"கம்பனி தன் பணத்தைப் போட்டுப் புதிதாக வீதி அமைத்தால்?" என்று அவன் அடுத்து வினவுவான் என்பது நமக்குத் தெரியும். அது பழைய உடைமையை விற்பதிலும் மேலானதே. எனினும் கலிபோர்ணியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 91-ஆம் இலக்கப் பொது நெடுஞ்சாலையின் நடுவிலே பத்து மைல் நீளத்துக்கு ஒரு தனியார் கம்பனி கட்டணத் தடங்களை அமைத்து 1995-ஆம் ஆண்டு திறந்தது. நல்ல வேலைதான், நெரிசலும் குறைந்தது. ஆனால் பக்கத்திலுள்ள இலவசத் தடங்களை அரசாங்கம் விரிவாக்கலாகாது என்றொரு வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தது. சனத்தொகை பெருகிப் பொதுத் தடங்கள் அடைத்துக்கொண்டபோது, அரசாங்கம் தன் தெருவைத் தானே அகலமாக்க முடியாமல் நின்றது. வழக்குக்கும் போயிற்று. ஈற்றிலே 2003-ஆம் ஆண்டு அம்மாவட்டப் போக்குவரத்துச் சபை 20 கோடியே 75 இலட்சம் டொலர் கொடுத்து அத்தடங்களை வாங்கியே அவ்விலங்கைக் கழற்றியது. கட்டணம் இன்றும் உண்டு. அதைத் தீர்மானிப்பது பொதுச்சபை.

நமது நாட்டிலே இத்தகைய குத்தகை இல்லையென்று எண்ணவேண்டா. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ஆம் ஆண்டு 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீனக் கம்பனியொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. துறைமுகம் கட்டப் பெற்ற கடன் அதனால் தீர்ந்தது என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. வந்த பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குச் சென்றது; கடன் அரசாங்கத்தின் தலையிலேயே இருந்தது. அக்குத்தகையினால் துறைமுகத்துக்குக் கப்பல்கள் கூடுதலாக வரத் தொடங்கின என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அது முடிவது 2116-இல்.

இவ்வளவையும் திங்கட்கிழமை வகுப்பிலே சொன்னோம். பையன் பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டு, "அப்படியானால் ஒழுங்கையை யார் போடுவது, சேர்?" என்றான். பிரதேச சபைக்கு வகுப்பார் எல்லோரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்றோம். சிலர் சிரித்தனர். நாம் அவர்களைக் குறைகூற மாட்டோம். அதே ஒழுங்கைக்காக முன்னரும் இருமுறை எழுதியிருக்கின்றோம். என்றாலும் அச்சபையின் அங்கத்தவர்களை மாற்றுவதற்கு நமக்கொரு வாக்கு இருக்கின்றது. சிக்காகோ மக்கள் 2083 வரை எவருக்கு வாக்களித்தாலும் அந்த மீற்றர்கள் அசையா. கடிதத்தை அவனே எழுதிக் கொண்டுவந்தான். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை தபாலிற் போயிற்று.